பாகின் அடியில் மின்னியது

கண்ணாடித் தூளாம். அதுவும் ரெஜான் மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சி எடுத்த பாகில்!

ரொட்டிக் கடைக்காரி லூசியென் கிளப்பிவிட்ட பேச்சு அது. புட்டியின் அடியில் என்னவோ மின்னுகிறது என்றாள், அவ்வளவுதான். இந்த வசந்தத்தில் காய்ச்சிய பாகு முழுவதும் வாங்க ஆளில்லாமல் பீப்பாய் பீப்பாயாக நிற்கிறது. கண்ணாடி என்று உறுதியானால் அத்தனையையும் கொட்ட வேண்டியதுதான்.

சர்க்கரைதான் உறைந்திருக்கிறது, எவள் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்று ரெஜான் மார்தட்டினான்.

அக்கா ஒடில் பள்ளி ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அவன் பாகு காய்ச்சும் கொட்டகைக்கே வந்துவிட்டாள். தம்பி பேரை எவளோ ஒருத்தி நாறடிப்பதா? அதையும்தான் பார்த்துவிடுவோமே!

வழியில் லூசியெனிடம் கேட்டு வாங்கிவந்த புட்டியின் அடியிலிருந்து ஒரு துளி எடுத்து ஸ்லைடில் வைத்தாள். ஒளியை வடிகட்டும் தகடுகளில் ஒன்றை அதற்குக் கீழும் இன்னொன்றை மேலும் பொருத்தி, மேல்தகட்டைக் குறுக்கே திருப்பினாள். எல்லாம் இருண்டது. கண்ணாடி என்றால் கண்ணில் படாமல் அந்த இருட்டிலேயே கிடக்கும். சர்க்கரைப் படிகம் அடங்காது, நிறம் காட்டிவிடும்.

காட்டியது. நீலம், மஞ்சள், ஊதா. இருட்டெல்லாம் வண்ணப் பொடி தூவியதுபோல் இருந்தது.

"சர்க்கரைதான்டா!"

ரெஜான் அவளைக் கட்டிக்கொண்டான். லூசியென் முகத்தில் கரியைப் பூச உடனே போனை எடுத்தான். ஒடிலுக்கும் பெருமை தாங்கவில்லை. மறுபடி குனிந்து பார்த்தாள். அடேயப்பா, எவ்வளவு சர்க்கரை!

எப்படி இவ்வளவு?

பாகு பதம் தப்பிக் கெட்டியானால்தானே அடியில் சர்க்கரை உறையும்? ரெஜான் பதம் தப்பவிடுகிறவன் இல்லை. பாகை வடிகட்டித் தொட்டியில் விட்டதுமே கோடு போட்ட கண்ணாடி மிதவையை அதில் மிதக்கவிட்டுக் கெட்டிப்பதத்தை அளப்பான். கோடு தாண்டியிருந்தால் தளர்த்திவிட்டுத்தான் பீப்பாயில் அடைப்பான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

"டேய், இந்தத் தடவை அளக்கலையா நீ? மிதவை எங்கடா?"

அவன் காதில் வைத்த போனை இறக்கினான்.

"உடஞ்சிடுச்சுக்கா."

எதில் விழுந்து உடைந்தது என்று அவள் கேட்கவில்லை. அவன் பீப்பாய்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போனில் லூசியென் யார், யார் என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒடில் கைநீட்டி அதை வாங்கினாள். உன் கடையில் மிச்சமிருக்கும் பாகை யாருக்கும் கொடுத்துவிடாதே என்றாள்.