ஸ்க்ரூ வைத்த மவுத் ஆர்கன்

"பரிசு குடுக்கணும். வாங்கிக்கப் போறவரு முப்பது வருஷமா ஊதுற ஆளு" என்றார் எர்வின் மெர்க்லே, குரலைத் தாழ்த்தி.

கடைக்காரி ஹெட்விக் நிமிர்ந்து பார்த்தாள். ஓபர்வைலனில் பாதி ஊர் மவுத் ஆர்கன் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறது, மீதிப் பாதி அதை ஊதுகிறது. இரண்டிலும் சேராத ஒரே ஆள், ஓய்வு பெற்ற நில அளவையாளர் எர்வின். அவர் இந்தக் கடைக்குள் காலெடுத்து வைப்பது இதுதான் முதல் முறை.

"அவர்கிட்ட எந்தெந்த சுருதி இருக்குன்னு தெரியுமா சார்?"

"எல்லாமே இருக்கு. எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தைச் செங்கல் சுவருதான். பகல் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் வாசிப்பாரு. பதினாறு வருஷமா ஒரு நாள் தவறாம கேட்டிருக்கேன்."

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. ஹெட்விக்குக்குப் புரிந்துவிட்டது. "லோதர் பான்ட்லேக்கா?"

எர்வின் தலையாட்டினார்.

லோதர் மாவட்டச் சிறையில் இருந்தார். தேவாலய மணி தன் வாசிப்புக்கு அரைச் சுருதி கீழே அடிக்கிறது என்று பாதிரியாரிடம் சொல்லிப் பார்த்தார். பலனில்லை. மணியின் நாக்கைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். மூன்றாவது முறையும் அதையே செய்ததால் நீதிமன்றம் ஒன்றரை வருடம் கொடுத்தது.

அவர் உள்ளே போன நாளிலிருந்து, மாடிப்படி கூட்டும் முறை அட்டையில் லோதர் பெயர் வரும் வாரங்களிலும் எர்வினே கூட்டினார். கைப்பிடிக்கு மெருகுகூடப் போட்டார். பக்கத்து வீட்டுக்காரன் மேல் இவ்வளவு பாசமா என்று கட்டடமே உருகிப்போனது.

"ஆணி அடிச்சதா, ஸ்க்ரூ போட்டதா?" என்றாள் ஹெட்விக்.

"என்ன வித்தியாசம்?"

"புதுசா கத்துக்கறவங்க வாங்கின உடனே ஊதுவாங்க. அனுபவஸ்தங்க வாங்கின உடனே கழட்டுவாங்க. உள்ள இருக்கிற தகட்டையெல்லாம் தங்களோட மூச்சுக்கு ஏத்த மாதிரி நெம்பி விட்டுட்டுத்தான் வாயிலயே வைப்பாங்க. அவங்களுக்குப் போய் ஆணி அடிச்சதைக் குடுத்தீங்கன்னா மூஞ்சியில அடிச்ச மாதிரி."

"உள்ள எவ்வளவு இடம் இருக்கும்?"

"எதுக்கு?"

"ஒரு வாழ்த்து வைக்கலாம்னு."

"காகிதமா?"

"கொஞ்சம் கெட்டியான காகிதம்."

ஹெட்விக் கடை வாசலை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். "சார், ஒண்ணு சொல்றேன். ஜெயில் வாசல்ல பார்சல் பிரிக்கிறாரே, அந்தக் காவலர் நாலு வருஷம் எங்க தொழிற்சாலையில இருந்தவரு. ஸ்க்ரூவைக் கண்டா அவர் கை சும்மா இருக்காது. உள்ள கொசு இருந்தாலும் எடுத்துடுவாரு."

எர்வின் சற்று யோசித்தார்.

"ஸ்க்ரூ போட்டதே குடுங்க."

அந்தத் துணிச்சலை ஹெட்விக் மனசுக்குள் மெச்சினாள். ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவரை இலவசமாகச் சேர்த்து வைத்தாள். "வெள்ளிக்கிழமை அவர் விஷயம் நீதிபதிகிட்ட வருதாமே. அதுக்குள்ள போய்ச் சேரட்டும்."

"அதேதான் என் கவலையும்" என்றார் எர்வின்.

வீட்டில் திரையை இழுத்து விட்டு, இரும்பு அறுக்கும் ஒரு ஹாக்ஸா பிளேடை அளவு பார்த்து ஒடித்தார். மேல் தகட்டுக்கு அடியில் அதைச் செருகி ஸ்க்ரூவை முடுக்கினார். அனுப்புநர் இடத்தில், நில அளவை வரைபடத்துக்கு எழுதும் அதே சதுர எழுத்துகளில், 'ஒரு ரசிகன்' என்று எழுதினார். திங்கட்கிழமை பக்கத்து ஊருக்கு பஸ் ஏறிப் போய்த் தபாலில் சேர்த்தார்.

செவ்வாய் அது சிறைக்குப் போயிருக்கும். புதன் முழுக்க எர்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழன் பகல் ஒரு மணிக்குப் பருப்பும் நூடுல்ஸும் சாப்பிட்டுவிட்டு, சோபாவில் காலை நீட்டினார்.

நன்னடத்தைக்காக லோதரை எட்டு மாதம் முன்னதாக விடலாமா என்பதைத்தான் நாளை நீதிபதி முடிவு செய்ய வேண்டும். பார்சலில் ரம்பம் வரவழைத்த கைதிக்கு எந்த நீதிபதி நன்னடத்தைச் சான்று கொடுப்பார்? இன்னும் எட்டு மாதம், ஒன்றிலிருந்து மூன்று வரை, கட்டடத்தின் ஓய்வு நேர விதியில் போட்டிருக்கிற அதே நிசப்தம். எர்வின் கண்ணை மூடினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மவுத் ஆர்கன் கிளம்பியது. புத்தம்புது மவுத் ஆர்கன்.

எர்வின் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினார். லோதர் திறந்தார். திறந்தவர் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ரசிகனாம், ரசிகன். மாடிப்படி அட்டையில பதினாறு வருஷமா பாக்குற உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா மெர்க்லே சார்?"

"பிளேடு... காவலர் கண்டுபிடிக்கலையா?"

"வாசல்லயே எடுத்துட்டாரு. மவுத் ஆர்கனை மட்டும் என்கிட்ட குடுத்தாங்க. என்னா சத்தம் சார் அது, மூணு கட்டடம் தாண்டிக் கேக்குது. நேத்து மத்தியானம் வரைக்கும் நிறுத்தவே மனசு வரல."

"அப்போ ரம்பத்தை நீதிபதிகிட்ட ஒப்படைச்சிருப்பாங்களே. அந்த எட்டு மாசம்?"

"அதைத்தான் காவலருங்களும் உக்காந்து பேசினாங்க" என்றார் லோதர், புரியாதவராக. "எட்டு மாசம்னு சொன்னதும் ரெண்டு பேரு அழுதுட்டாங்க. நாளைக்கு நீதிபதி என்ன சொல்வாரோன்னு வேற பயம். கடைசியில என்னை ஒரு ஓரமா உக்கார வச்சுட்டு, பதினொரு காவலரும் முறை போட்டு அந்த பிளேடாலயே அவங்களே கம்பியை அறுத்துட்டாங்க சார்."