ஸ்லைடில் தெப்பக்குளம்

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் ஒரு மாடி ஹால். மாலை வெயில் நுழையாதபடி ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருக்கிறார்கள். எதிரே இருக்கும் தெப்பக்குளத்தைப் பற்றிப் பேராசிரியர் அனந்தராமன் சொற்பொழிவு ஆற்றுகிறார். அதாவது, தினமும் அந்தப் படிக்கட்டில் கால் அலம்பிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, திரையில் விழும் தம்முடைய ஸ்லைடுகளோடு பேசிக்கொண்டிருக்கிறார். "நடுவில இருக்கற மண்டபத்தை யார் சார் கட்டினா?" என்று முன்வரிசையிலிருந்து ஜலஜா மாமி கேட்கிறாள். திரும்பாமலே பதில் வருகிறது: "அது பின்னாடி ஒரு ஸ்லைடுல வரும் மாமி." அந்த ஸ்லைடு வருவதற்குள் புரொஜெக்டர் பல்பு பட்டென்று போகிறது. கூடவே அவர் பேச்சும் நின்றுவிடுகிறது. ஆராய்ச்சி முழுவதும் அந்தப் பல்புக்குள்தான் இருந்திருக்கிறது போலும். இருட்டில் புழுக்கம் தாங்காமல் மாமி எழுந்து ஜன்னலைத் திறக்கிறாள். பச்சைத் தண்ணீர், மண்டபம், படியில் வேட்டி பிழிகிறவர், எல்லாம் வெயிலோடு ஹாலுக்குள் வந்துவிடுகின்றன. நாற்காலிகள் கிறீச்சிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புகின்றன. "அதோ, அந்த மண்டபந்தான் சார். இப்போ சொல்லுங்கோ" என்கிறாள் மாமி. அவர் புரொஜெக்டரைத் தட்டிப் பார்க்கிறார். யாரோ புது பல்பைப் போட்டுவிடுகிறார்கள். வெளுத்துக் கிடக்கும் திரையைப் பார்த்துப் பேராசிரியர் முகம் சுளிக்கிறார். "ஜன்னலைச் சாத்துங்கோ மாமி, குளம் தெரியலை."