எந்த ‘இல்லை’?

ஏழாவது படிவத்திலும் ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தது.

‘சென்ற மாத உற்பத்தி’ என்ற கட்டத்துக்குள், நீல மையில், ஒரே ஒரு சொல். ஏழு கண்ணாடி பாட்டில் ஆலைகளிலிருந்து ஏழு ‘இல்லை’.

பழைய முறையில் இது ஒரு பிரச்சினையே இல்லை. எழுதியிருப்பதை அப்படியே அட்டவணையில் ஏற்றி மேலே தள்ளிவிடுவார்கள். படிக்கிறவர்கள் ஏதோ புரிந்துகொள்வார்கள், அல்லது புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டுவார்கள்.

இப்போது எல்லா நாடுகளும் ஒரே மாதிரி கணக்குக் காட்ட வேண்டுமாம். மாதம் முடிந்து பத்தாம் நாள், ஒரே அட்டவணை, ஒரே குறியீடு. ஒன்றுமே தயாராகவில்லை என்றால் பூஜ்யம். விவரம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு புள்ளி. எங்கேயோ உட்கார்ந்து இதை எழுதிய புண்ணியவானிடம், இரண்டையும் ஒரே சொல்லில் சொல்லி முடித்துவிடுகிற பாஷை ஒன்று இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

புள்ளி வைத்தால் கணினி சும்மா இருக்காது. அதற்கு முந்தைய மாத எண்ணை எடுத்துத் தானாகவே கட்டத்தை நிரப்பிவிடும். ஒரு மாதத்துக்கு மேலாக உலை அணைந்து கிடக்கிற ஆலைகூட அட்டவணையில் மூன்று ஷிஃப்ட் ஓடும்.

புள்ளிவிவர அலுவலகத்தின் விலைவாசிப் பிரிவில் தக்காளி விலை எழுதிக்கொண்டிருந்தவளை இந்த உற்பத்திப் பிரிவுக்கு மாற்றி நான்கு நாள்தான் ஆகிறது. வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள இதென்ன பதவி உயர்வா?

ஆனால் சட்டம் அவளுக்குத் தெரியும். பாட்டில் உற்பத்தி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதாக அட்டவணை சொன்னால்தான் வேலை போனவர்களுக்கு நிவாரணம். இன்றைய அட்டவணையோடு இந்த வருஷக் கணக்கு முடிகிறது. ஏழு ஆலைகளிலும் சேர்த்து ஆயிரத்து நானூறு பேர்.

காலையிலிருந்து ஆறு ஆலைகளுக்குப் போன் அடித்துப் பார்த்துவிட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

“சார், போன் எடுக்கக்கூட ஆள் இல்லன்னா அங்க வேலை நடக்கலன்னுதானே அர்த்தம்?”

“பதில் வரலன்னு அர்த்தம், அவ்வளவுதாம்மா,” என்றார் பிரிவுத் தலைவர். “எனக்கு மட்டும் தெரியாதா? ஆனா பூஜ்யம்னு யாராவது ஒருத்தர் வாயால சொல்லணுமே.”

அவர் கெட்டவர் இல்லை. நாள் முழுக்க விதிப் புத்தகத்தைக் குடைந்து அவரே ஒரு சந்தும் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒரே ஒரு ஆலை பூஜ்யம் என்று உறுதி சொன்னால் போதும், பதில் வராத மற்ற ஆறுக்கும் பூஜ்யம் போட்டுவிடலாம்.

மணி மூன்று நாற்பது. நான்கு மணிக்கு அட்டவணை போயாக வேண்டும்.

ஏழாவது படிவத்தைக் கையில் எடுத்தவள் எடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மற்ற ஆறிலும் ஆலையின் தொலைபேசி எண். இதில் எழுதியவர் அதை அடித்துவிட்டுத் தன் கைபேசி எண்ணைக் கொடுத்திருந்தார். ஆலையை மூடிய பிறகும் படிவத்தை மறக்காமல் நிரப்பி அனுப்புகிற ஆள். ‘இல்லை’யின் கடைசி எழுத்தைப் பழைய வழக்கப்படி, ‘ல’வின் தலையில் யானைத் தும்பிக்கை வைத்து எழுதியிருந்தார். இப்போதெல்லாம் அப்படி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

“போட்டுப் பாருங்கம்மா. இன்னும் என்ன யோசனை?”

அவள் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். பின்னால் எந்திரச் சத்தம் எதுவும் இல்லை. ஒரு நடத்துநர் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள்.

“வணக்கம், புள்ளிவிவர அலுவலகத்துலேர்ந்து பேசறோம். போன மாசம் உங்க ஆலையில...” மனப்பாடம் செய்த வாக்கியம்தான். அதற்கு மேல் வரவில்லை.

மறுமுனை சிரித்தது.

“என்ன, ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு என்கிட்டயே விளையாட்டா? இங்க மிஷின் ஓடற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பேசிக்கலாம், வெச்சிடு.”

அவள் வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை.

நாற்பது நாள். நாற்பது நாளும் காலை ஆறு மணிக்கு எழுந்து, சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று அவளையே விரட்டிவிட்டுக் கிளம்பிப் போன கணவர். இந்தப் படிவம் கைக்கு வரும்வரை அவளுக்கு ஒன்றும் தெரியாது. பூஜ்யமா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்லிவிடுவார். சொன்ன பிறகு எந்த முகத்தோடு வீட்டுக்கு வருவார் என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஆயிரத்து நானூறு வீடுகளை நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒரே ஒரு வீட்டுக்கு மேல் நினைப்பு நகரவில்லை. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

பிரிவுத் தலைவர் பேனாவைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார். “என்னம்மா சொல்றாரு?”

அவள் ரிசீவரின் வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டாள்.

“ஓடுதாம் சார்.”