லோரிக்கு விழுந்த பூட்டு

“யோவ் கௌஸ் பாய்! யார் லோரிக்குப் பூட்டுப் போடுற?”

பிரிக்பீல்ட்ஸ் தெருவே திரும்பிப் பார்த்தது. சபாபதிக்குத் தொண்டை அப்படி. நாலு மைல் தள்ளிச் செந்தூலில் இருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட அவருக்குத் தபால் தேவையில்லை என்று ஊரில் கேலி செய்வார்கள்.

லோரியின் முன்சக்கரத்தில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டிருந்த டவுன்போர்டு இன்ஸ்பெக்டர் கௌஸ் நிமிரவே இல்லை.

“முச்சந்தியிலேர்ந்து இருபது அடி தள்ளி நிறுத்தணும் அண்ணே. இது பத்தொம்பதரை.”

“அரை அடிக்கா இந்த அக்கிரமம்?”

“ரூல்னா ரூல்தான்லா.”

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெட்ரோல் இல்லாத காலத்தில், முதுகில் கரியடுப்பைச் சுமந்து இருமி இருமி ஓடும் அந்த லோரிதான் சபாபதிக்குச் சோறு. போதாததற்கு, மறுநாள் காலை பத்து மணிக்குக் கிள்ளான் கோயிலில் மகள் இராஜம்மாவுக்குக் கல்யாணம். பெண்ணும் பெண்வீட்டார் முப்பது பேரும் அதில்தான் போக வேண்டும்.

சபாபதியின் மனைவி தங்கமணி மஞ்சள் அரைத்த கையோடு ஓடி வந்தாள்.

“தம்பி, முதல் தடவை வாயால சொல்லுவீங்க, ரெண்டாவது தடவை சீட்டு எழுதுவீங்க, மூணாவதுதான் சங்கிலி. ஊருக்கே தெரிஞ்ச வழக்கமாச்சே. எங்களுக்கு மட்டும் எடுத்த எடுப்புலயா?”

கௌஸ் பூட்டின் மேல் அரக்கை உருக்கி டவுன்போர்டு முத்திரையைக் குத்தினார். ‘வழக்கு முடியும்வரை யாரும் தொடக்கூடாது’ என்ற சிவப்புச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டினார்.

டவுன்போர்டு சங்கிலி என்றால் கட்டைவிரல் தடிமன் இருக்கும். இது மெலிந்து, நோஞ்சானாக இருந்தது.

“இந்த நாய்ச் சங்கிலியா என் லோரியப் புடிச்சு வைக்கும்? ஒரு இழுப்புக்குத் தாங்குமா?”

“இழுத்துப் பாருங்க. முத்திரை உடைஞ்சா ஆறு மாசம் உள்ள.”

“நாளைக்கு எம்பொண்ணு கல்யாணம்னு தெரியும்ல? வெத்தலை பாக்கு வச்சு உன்னையும் அழைச்சேனே!”

“தெரியும் அண்ணே.”

“தெரிஞ்சே செய்யிறியா? அப்ப கல்யாணப் பக்கம் வந்துடாத. வந்தா மரியாதை கெட்டுடும்!”

கௌஸ் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். சபாபதி அவருடைய ஏழு தலைமுறையையும் தெருவில் நிறுத்தித் திட்டித் தீர்த்தார். பிறகு ஓடிப்போய் விறகுக்கடை ரெங்கசாமியின் கையைக் காலைப் பிடித்து, நாளைக்கு அவர் லோரியைத் தருவதாக வாக்கு வாங்கி வந்தார்.

அந்த நிம்மதி மூன்று மணிவரைதான்.

மூன்று மணிக்கு ஜப்பான் சிப்பாய்கள் வந்தார்கள். கண்ணில் பட்ட வண்டியெல்லாம் பட்டாளத்துக்கு. ரெங்கசாமியின் லோரி போனது. சீனன் கடை வேன் போனது. சுவரில் சாய்ந்திருந்த சைக்கிள்கள்கூட மிஞ்சவில்லை.

சபாபதியின் லோரிக்கு முன்னால் அதிகாரி நின்றார். கூட வந்த துபாஷி சீட்டைப் படித்துவிட்டுக் கேட்டான்: “யார் லோரி இது?”

“என் லோரிதான்! அந்தப் படுபாவி கௌஸ் அரை அடிக்குக் கட்டிப் போட்டுட்டான்! கல்யாணத்தைக் கெடுத்துட்டான்! அவன் உருப்படுவானா?”

அந்த அலறலுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. அதிகாரி முத்திரையைக் குனிந்து பார்த்தார். காகிதத்துக்கும் முத்திரைக்கும் அவர்கள் கொடுத்த மரியாதையைச் சாமிக்குக்கூட நாம் கொடுப்பதில்லை. வழக்கில் இருக்கும் வண்டி, வழக்கு முடியட்டும் என்று தலையாட்டிவிட்டு நடந்தார்.

தெரு துடைத்துவிட்டது போல் கிடந்தது. ஒரே ஒரு லோரி மட்டும் நின்றது.

“நம்ம வண்டி மட்டும் தப்பிச்சுதுங்க,” என்றாள் தங்கமணி மெதுவாக. அப்போதுதான் சபாபதிக்கு உறைத்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கௌஸ் வியர்த்து வழிய வந்து நின்றார். அபராதம் இல்லை, எச்சரிக்கை மட்டும் என்று எழுதி வழக்கை முடித்தார். பூட்டைத் திறந்து சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“பாய், ஒரு வார்த்தை காதுல போட்டிருக்கக் கூடாதா?”

“பட்டாளம் வண்டி எடுக்க வருதுன்னு நேத்துக் காலையிலதான் ஆபீசுக்குக் காகிதம் வந்துச்சு. உங்க காதுல போட்டா அது செந்தூல் வரைக்கும் கேக்கும், அப்புறம் என் தலை இருக்காது. அதுவும் நீங்க மனசாரத் திட்டினதாலதானே ஜப்பான்காரன் நம்பினான்!”

சபாபதி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார். கரியடுப்பு பற்றிக்கொண்டது. மாலையும் மேளமும் முப்பது பேருமாக லோரி குலுங்கியது. பெண்கள் குலவையிட்டார்கள்.

“ஏறுங்க பாய்! நீங்க இல்லாம எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறாது. சைக்கிள் எங்க? அதையும் மேல தூக்கிப் போடுவோம்.”

“சைக்கிளா? அதை நேத்தே பட்டாளத்துல சேர்த்துட்டாங்க. நடந்துதான் வந்தேன்.”

“என்ன பாய் இது! ஊரான் வண்டிக்குப் பூட்டுப் போடத் தெரிஞ்ச ஆளு, சொந்த சைக்கிளுக்கும் ஒரு சங்கிலியப் போட்டு முத்திரை குத்தியிருக்கலாம்ல?”

கௌஸ் சிரித்துக்கொண்டே கையிலிருந்த மெல்லிய சங்கிலியைத் தூக்கிக் காட்டினார்.

“டவுன்போர்டு சங்கிலி ஒண்ணுகூட மிச்சமில்ல அண்ணே. என் சைக்கிளப் பூட்டுற சங்கிலிதான் உங்க லோரியில கெடந்துச்சே!”