சாமியாத்தாள் வீட்டுச் செட்டு

"பக்கத்து வீட்டு சாமியாத்தாக்கா செட்டு மாதிரியே பாடணும்ணே. அதுக்கு ஒரு படி கீழன்னாலும் எனக்கு வேணாம்" என்றாள் விஜயராணி.

நல்லூர் ரேடியோக் கடைக்காரர் பசீர் அகமது, அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தார். பிறகு அவள் கணவன் மூக்கையாவின் சட்டைப் பையைப் பார்த்தார். தீபாவளி போனஸ் அங்கே மடிப்புக் குலையாமல் இருந்தது.

"காசு கம்மியா இருந்தா மொதல்ல ஸ்பீக்கருக்குப் போடுங்க தங்கச்சி. மிச்சத்துல ஆம்ப்ளிபயர். பிளேயர் மலிவா இருந்தாலும் குத்தமில்ல. அதிர வைக்கிற ஊஃபர அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"கொரலு நெஞ்சுக்குள்ள எறங்கணும்ணே."

"அதுக்குத்தான் ஸ்பீக்கருங்கறேன்."

"அப்ப இன்வெர்ட்டரு? நேத்து கரண்டு போயி தெருவே இருண்டு கெடக்கு, அவுக வீட்டுல பாட்டு நிக்கலியே! அதையும்ல வாங்கி வச்சிருக்காக!"

"இந்தக் காசுக்கு இன்வெர்ட்டரோட ஒயரு வேணா வரும்" என்று சிரித்தார் பசீர்.

மூக்கையா மனைவியின் காதருகே குனிந்தான். "இந்த போனஸுல ஒனக்குச் சொந்தமா தையல் மிஷினுன்னுல்ல பேசி வச்சோம்? அந்தச் செட்ட நீ கண்ணால பாத்தியா?"

"காது இருக்கயில கண்ணு எதுக்கு?"

வரிசையாய்க் கட்டிய லைன் வீட்டில் சாமியாத்தாளுக்கும் இவர்களுக்கும் நடுவே சுவர் ஒன்றுதான். பனியன் கம்பெனியில் பிறர் மிஷினில் நாளெல்லாம் தைத்து, முதுகு ஒடிய வந்து சாயும் விஜயராணியின் காதில், அச்சுவரைக் கடந்து பதிகம் பொழியும். தேன் சொரிந்தாற்போன்ற குரல். ஆயினும் அழுக்காறு குடிபுகுந்த நெஞ்சுக்குத் தேனும் நஞ்சே.

வீட்டிலிருந்தபடி பனியனில் தொங்கும் நூல் பிசிறு வெட்டிப் பிழைக்கும் ஒருத்திக்கு இத்தனை பெரிய வாழ்வா என்று பொருமியே அவள் உறக்கம் கெட்டாள். சாமியாத்தாளின் வாசற்படியை அவள் ஒருநாளும் மிதித்ததில்லை. மிதித்தால் தான் தாழ்ந்துபோவோம் என்றொரு வீம்பு.

செட்டு வீடு வந்தது. தையல் மிஷினுக்கென்று ஒழித்து வைத்திருந்த மூலையில் மூக்கையா அதை இருத்தினான்.

விஜயராணி ஸ்பீக்கர்களைச் சுவரின் பக்கமாகத் திருப்பினாள். பதிகச் சிடி ஒன்றைப் போட்டு, ஒலியை முழுக்க முடுக்கினாள். பாட்டு முழங்கியது, அலமாரித் தட்டில் டம்ளர்கள் கிலுகிலுத்தன. ஆனால் அந்தக் கனிவு எங்கே? உருக வேண்டிய இடத்திலெல்லாம் அது உறுமியது.

"நல்லாத்தான இருக்கு" என்றான் மூக்கையா.

"என்னத்த நல்லாருக்கு? அவுகளுது வேற கம்பெனி. என்னன்னு கேட்டு, நாளைக்கே மாத்துறேன்."

வீம்பை விழுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் கத்தரியோடு வந்து திறந்த சாமியாத்தாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"வா கண்ணு! உங்கூட்டுப் பாட்டைத்தான் கேட்டுட்டிருந்தேன். என்ன சத்தம், என்ன சத்தம்!"

"அது கெடக்கட்டும்க்கா. ஒங்க செட்டு என்ன கம்பெனி?"

"எங்கூட்டுல ஏதுங் கண்ணு செட்டு? பிசிறு வெட்டறப்பக் கண்ணச் சொக்கீரக் கூடாதுன்னு, தொண்டை கட்டக் கட்ட நானேதான் பாடிட்டுக் கெடந்தேன்."

விஜயராணி தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்; அங்கே செட்டு இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. சாமியாத்தாளோ, பெரும்பாரம் இறங்கியவள் போல, அவளைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"இனி நான் வாயத் தொறக்க மாட்டேங் கண்ணு, உங்க செட்டே பாடட்டும்."