அறைக்குள்ளே ஒரு செடி

"யோகம்மாக்கா, உங்கடை வீட்டுப் பொடியன் அறைக்குள்ளை கஞ்சா வளக்கிறான்!"

முற்றத்தில் கால் வைத்த கையோடு பக்கத்து வீட்டுச் சரோஜினிதேவி போட்ட போட்டில், தேங்காய் திருவிக்கொண்டிருந்த யோகம்மா பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ஆர், துஷ்யந்தனோ?"

"வேறை ஆர்?"

துஷ்யந்தன் வவுனியாக்காரன். ஊர்காவற்றுறையில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. கரம்பொனில் யோகம்மா வீட்டுப் பக்கத்து அறையில் வாடகைக்கு இருக்கிறான். நிமிர்ந்து நாலு வார்த்தை பேசமாட்டான். பேசாதவன் என்றாலே சரோஜினிதேவிக்குச் சந்தேகம்தான். அதிலும், வந்த புதிதில் திறந்து கிடந்த அவன் அறை யன்னல் கொஞ்சக் காலமாக இரவு பகல் பூட்டியே கிடந்தது.

"இந்தப் புழுக்கத்திலை மனிசர் ஆரும் யன்னலைப் பூட்டிக்கொண்டு இருப்பினமோ? இண்டைக்குக் காலமை கிணத்தடியிலை குளிச்சுப்போட்டு நிக்கிறன், யன்னல் நீக்கலாலை ஒரு நீல வெளிச்சம். கிட்டப் போய்ப் பாத்தனான்."

"எப்பிடிப் போனனீர்?"

"அதுதான் வேலி விழுந்து கிடக்குதே!"

இரண்டு வீட்டுக்கும் நடுவேயிருந்த அந்த வேலி சோழகக் காற்றுக்கு விழுந்தது. "நாளைக்கு அடைக்கிறன்" என்று சரோஜினிதேவியின் கணவன் ஜெகதீஸ் அன்றைக்கே சொல்லிவிட்டான். அந்த நாளைக்குத்தான் இன்னும் விடியவில்லை. வேலி இல்லாததில் சரோஜினிதேவிக்கு ஒரு வசதியும் இருந்தது. வேவு பார்க்க ஒழுங்கையால் சுற்றிப் போகத் தேவையில்லை.

"ஐயோ சரோ, இளந்தாரிப் பொடியன்ரை அறையை எட்டிப் பாத்தனீரோ?"

"ஊர் நன்மைக்குப் பாத்தால் என்ன குறைஞ்சு போச்சு? அவன் போனிலை கதைக்கிறான், 'மச்சான், புது இலை விட்டிட்டுது! வெயிலே படாமல் அறைக்குள்ளை வளருதடா' எண்டு. என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான். பேசாமல் மாதம் முடிய அறையை விட்டு எழும்பச் சொல்லுங்கோ. இல்லாட்டிப் பொலிஸ் வந்து உங்களையும் சேர்த்து ஏத்தும்."

பொலிஸ் என்றதும் யோகம்மா தேங்காயைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமையாதலால் துஷ்யந்தன் அறையில்தான் இருந்தான். கதவைத் திறந்தவனை யோகம்மா வாய் திறப்பதற்குள் சரோஜினிதேவி மடக்கினாள்.

"செடி எங்கை தம்பி?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் இந்த ஊரில் ஒருவர் தானாகவே வந்து கேட்கிறார்!

"வாங்கோ அக்கா, வாங்கோ!"

மேசையில் ஒரு றாத்தல் பாண் அளவில் சின்னக் கண்ணாடித் தொட்டி. மேலே ஒரு சின்ன நீல லைற். உள்ளே ஒரேயொரு சிவப்பு மீன். கல்லொன்றில் நூலால் கட்டியபடி கரும்பச்சை இலைகளோடு ஒரு குட்டிச் செடி.

"இது அனூபியாஸ் அக்கா. தண்ணிக்குள்ளை வளர்ற செடி. மண்ணிலை தாட்டால் அழுகிப்போம், அதுதான் கல்லிலை கட்டியிருக்கிறன். மாதத்துக்கு ஒரு இலை விட்டால் பெரிய காரியம். இஞ்சை பாருங்கோ, நேற்று விட்டது!"

சுண்டுவிரல் நகமளவு இலை. யோகம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரோ, இதைச் சுத்திக் குடிக்க ஏலுமோ எண்டு கேட்டுப் பாருமன்!"

சரோஜினிதேவி விடுகிற ஆளில்லை.

"அப்ப யன்னலை ஏன் பூட்டி வைச்சிருக்கிறீர்?"

அதுவரை உற்சாகமாகப் பேசியவன் தடுமாறினான்.

"அது... வெயில் பட்டால் தொட்டியிலை பாசி பிடிக்கும் அக்கா."

'சரியான விசர்ப் பொடியன். ஒரு செடிக்காகக் காத்தில்லாமல் வேகிறான்' என்று நினைத்துக்கொண்டே அவள் வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் அதையே கடையிலும் சொன்னாள், கோயிலிலும் சொன்னாள். ஊரில் அவனுக்கு 'இலை எண்ணுற தம்பி' என்று பெயரே விழுந்துவிட்டது.

ஒருவழியாக ஜெகதீஸுக்கும் அந்த நாளைக்கு விடிந்தது. புதுப் பனையோலையில் வேலி எழும்பியது.

அடுத்த ஞாயிறு சரோஜினிதேவி பனங்காய்ப் பணியாரம் சுட்டாள். என்ன இருந்தாலும் ஒரு பிள்ளையைக் கஞ்சாக்காரன் என்று சொல்லிவிட்டோமே என்று மனசு உறுத்தியது. ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் போனாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. யன்னலும் ஆவென்று திறந்திருந்தது. காற்று அள்ளிக்கொண்டு வந்தது.

"ஐயோ தம்பி, யன்னலைப் பூட்டும்! உம்மடை செடி செத்துப்போகும்!"

துஷ்யந்தன் சிரித்தான்.

"சாகாது அக்கா. வெளிச்சம் இருந்தால் அதுக்குச் சந்தோசம். இல்லாட்டியும் சமாளிச்சுக்கொள்ளும், அவ்வளவுதான். முதல் வைச்சிருந்த செடியள் எல்லாம் யன்னலைப் பூட்டினாப் பிறகு வெளிச்சமில்லாமல் அழுகிப்போச்சுது. அதுக்குப் பிறகுதான் இதைத் தேடி வாங்கினனான்."

சரோஜினிதேவிக்குக் கணக்கு இடித்தது.

"அப்ப செடிக்காக யன்னலைப் பூட்டேல்லையோ? யன்னல் பூட்டினதாலைதான் இந்தச் செடியோ?"

"ஓம் அக்கா."

"பிறகேன் ராசா யன்னலைப் பூட்டினீர்?"

அவன் நிமிரவில்லை. பணியாரத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்:

"வேலி விழுந்து கிடந்ததெல்லோ அக்கா... யன்னலைத் திறந்தால் நேரை உங்கடை கிணத்தடி."