ஹாஜியாரின் புதுச் சப்பாத்து

ஹஜ்ஜுக்குப் புறப்பட ஒரு மாதம்கூட இல்லை. ஆசியா உம்மா நடைப்பயிற்சிக்கு வர மாட்டேன் என்றுவிட்டார்.

முழங்கால் நோவாம்.

இதைச் சாய்ந்தமருது முழுக்கச் சொல்லித் திரிந்தவர் வேறு யாருமில்லை, அவருடைய கணவர் ஸைனுலாப்தீன்தான். ஓய்வுபெற்ற அதிபர். விமானம் ஏறுமுன்பே ஊர் அவரை ஹாஜியார் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. அவரும் மறுக்கவில்லை. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்று அவர் மனைவியின் சோம்பலை விவரிக்க, கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஹஜ் வகுப்பில் மௌலவி தெளிவாகச் சொல்லியிருந்தார். அங்கே எல்லாம் நடைதான். கஃபாவைச் சுற்றும் தவாபுக்கு நடை, ஸபா மர்வா குன்றுகளுக்கு இடையில் நடை, மினாவில் நடை. இப்போதே காலைப் பழக்காதவர்கள் அங்கே போய்ப் பிறருக்குப் பாரமாவார்கள்.

பாரமாகப் போகும் ஆள் யார் என்பதில் ஸைனுலாப்தீனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"உன்னத் தூக்கிச் சுமந்து தவாப் செய்ய என்னால ஏலா புள்ள. இப்பவே சொல்லிப்போட்டன்," என்றார்.

ஆசியா உம்மா தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கையில் கொடுத்தார்.

தினமும் விடிகாலை சுபஹுத் தொழுகை முடிந்ததும் ஸைனுலாப்தீன் புறப்படுவார். காலில், மகன் பஹ்மி கட்டாரிலிருந்து அனுப்பிய வெள்ளைச் சப்பாத்து. கையில் போத்தல். தெருமுனை வரைக்கும் அந்த நடை பார்க்க அழகாக இருக்கும்.

தெருமுனையில் ஸாஜித் ஆட்டோவோடு நிற்பான்.

'ஹஜ்' என்ற அரபுச் சொல்லுக்கு ஓர் இடத்தை நாடிச் செல்லுதல் என்று பொருள். எதில் செல்லுதல் என்று அகராதி சொல்லவில்லை. அகராதி விட்டுவைத்த அந்த இடத்தில்தான் ஸைனுலாப்தீன் ஏறி உட்காருவார்.

நிந்தவூருக்கும் அப்பால் உள்ள பாலமுனையில் அவரைத் தெரிந்தவர்கள் இல்லை. அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் பராட்டாவும் இறைச்சி ஆணமும் சாப்பிட்டு, பேப்பரையும் பார்த்துவிட்டுத் திரும்புவார். வீட்டுக்கு ஒரு வளைவு முன்பே இறங்கி, போத்தல் தண்ணீரை நெற்றியிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே நுழைவார். சட்டையைத் தோய்க்க வாங்கும் மனைவியிடம், இன்றைக்கு நிந்தவூரையும் தாண்டிப் போய்விட்டதாகச் சொல்வார்.

அது பொய்யில்லை.

ஒருநாள் காலை ஆட்டோ காரைதீவைத் தாண்ட முடியவில்லை. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வீதியை நிறைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் வேல். பின்னால் தலையில் பொட்டலங்களோடு பெண்கள். செருப்பில்லாத கால்கள். ஒருத்தி வீதியோரம் குந்தி, பாதத்தில் சுற்றியிருந்த சீலைத்துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி எழும்பி நடந்தாள்.

முல்லைத்தீவிலிருந்து நடந்தே வருகிறார்களாம் என்றான் ஸாஜித்.

ஸைனுலாப்தீன் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"யாத்திரை எண்டா அதுதான் யாத்திரை. காலால நடக்கணும். நோகணும். நோகாமப் போனா அதுக்குப் பேரு பிரயாணம்."

"ஓம் சேர்," என்றான் ஸாஜித், கண்ணாடியில் அந்த வெள்ளைச் சப்பாத்தைப் பார்த்தபடி.

இன்றைக்குப் பாலமுனை சரிவராது என்று தெரிந்தது. வண்டியைத் திருப்பி, கடற்கரை வீதியால் சாய்ந்தமருதுக்கு விட்டான்.

அந்த வீதியில் அந்த நேரத்தில் ஆட்களில்லை. தூரத்தில் மட்டும், கறுப்பு அபாயா அணிந்த ஒரு பெண் குனிந்து, மணல் ஏறிய வீதியில் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார். நாற்காலியில் ஒரு பருத்த உருவம், சாறன் போர்த்திக்கொண்டு.

ஸைனுலாப்தீனுக்கு மனசு பொறுக்கவில்லை.

"பாத்தியா? திண்டு கொழுத்த மனிசன். பொஞ்சாதியத் தள்ள விட்டுப்போட்டுக் குந்தியிருக்கான். வெக்கமில்லையா இவனுக்கு?"

"நடக்க ஏலாமலிருக்கும் சேர்."

"ஏலாமையில்ல. பஞ்சி, சோம்பேறித்தனம். நிப்பாட்டு, நான் ரெண்டு வார்த்தை கதைக்கணும்."

இறங்கினார். சப்பாத்து முதல்முறையாக மணலைத் தொட்டது. வேகமாக நடந்துபோய் நாற்காலிக்கு முன்னால் நின்று, கண்டிப்பான குரலில் ஸலாம் சொன்னார்.

பதில் ஸலாம் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்தது. தெரிந்த குரல்.

சாறனுக்குள் மனிதர் யாருமில்லை. வரிப்பத்தான்சேனை வயலிலிருந்து வந்த நெல் மூடை ஒன்று இருந்தது. சாறன் ஸைனுலாப்தீனுடையது.

"முழங்கால் நோவெண்டு சொன்னாய்?" என்றார் ஸைனுலாப்தீன்.

"நோவுதான்," என்றார் ஆசியா உம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. அந்த ஈரம் போத்தலில் இருந்து வந்ததில்லை.

நாற்காலி, அடுத்த வீட்டு ஸகியாவின் மாமி மவுத்தான பிறகு சும்மா கிடந்ததாம். கேட்டு வாங்கினாராம். இத்தனை நாள் நடந்த சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் எழுத்துக்கூட அழியவில்லையாம். நனைந்த சட்டையில் வியர்வை மணக்கவில்லை, ஆணம் மணத்ததாம். மக்காவில் யார் யாரைத் தள்ள வேண்டிவரும் என்பது முதல் கிழமையே விளங்கிவிட்டதாம். ஸபா மர்வாவுக்கு இடையில், பிள்ளைக்குத் தண்ணீர் தேடி, முதலில் ஓடியதும் ஒரு பெண்தானே என்றார்.

ஸைனுலாப்தீன் ஆட்டோவைத் திரும்பிப் பார்த்தார். ஸாஜித் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைத்தான் ஆசியா உம்மா கூப்பிட்டார்.

"மகன், இந்த மூடைய உங்கட ஆட்டோவில ஏத்துங்க. அதுக்கு நடக்க ஏலா."

பிறகு கணவரின் பக்கம் திரும்பினார்.

"நல்ல நேரம்தான் வந்தீங்க. மூடை உங்கட நிறைக்குக் காணாதெண்டு எனக்கு ஒரு எண்ணம். ஒருக்கா இந்த நாற்காலியில ஏறி இருங்க, பாப்பம்."